துருத்தியும் தூசியும்

மனிதர்களைப் பிடிக்கும் பைத்தியங்கள் பலவகை. சிலருக்குச் சங்கீதப் பைத்தியம்; சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். பழைய நாணயங்களைச் சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்து, ஊர் உறங்கிய பிறகு எடுத்துப் பார்த்து மகிழ்கிறவர்களும் உண்டு. நம்மைப் பிடித்திருப்பது மோட்டார்ப் பைத்தியம். அதிலும் ஒரு விசேஷ வகை: சின்ன வண்டிக்குள்ளே பெரிய சக்தியைக் காண வேண்டும் என்ற பைத்தியம். நம்முடைய மற்றக் குறைகளைப் பொறுத்து வந்திருக்கும் நேயர்கள் இதையும் பொறுத்துக் கொள்வார்கள் என்ற தைரியத்தில், இந்த வாரம் அதைப் பற்றியே எழுதத் துணிகிறோம்.

நம் வீட்டு வாசலில் நிற்பது டாட்டா டியாகோ ஜே.டி.பி. என்னும் வண்டி. ஒருவர் மூன்று வருஷம் ஓட்டிய பிறகு, 2021-ம் வருஷத்தில் அதை வாங்கினோம். பார்வைக்கு அது மற்ற டியாகோ வண்டிகளுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். அடுத்த வீட்டுக்காரர், "இதற்காகவா இவ்வளவு தூரம் அலைந்தீர்கள்?" என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. சாதாரண டியாகோவின் பெட்ரோல் யந்திரத்துக்கு 85 குதிரைச் சக்தி, இதற்கு 114. அந்த வித்தியாசம் வாசலில் நிற்கும்போது தெரியாது. நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் காலை அழுத்தும்போதுதான் தெரியும்.

மேல்நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு 'ஹாட் ஹாட்ச்' என்று பெயர். பின்பக்கத்துக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் குடும்ப வண்டியில், பந்தயத்துக்குத் தகுந்த யந்திரத்தை வைத்தால் அது ஹாட் ஹாட்ச். 1976-ம் வருஷத்தில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்த ஜாதியைப் பிரபலப்படுத்தியது. 1980-ல் பிரெஞ்சுக்காரர்கள் ரெனோ 5 டர்போவைக் கொண்டு வந்தார்கள். நம் தேசத்திலும் 2013-ல் போலோ ஜி.டி., 2015-ல் அபார்த் புன்டோ, 2017-ல் பலேனோ ஆர்.எஸ். என்று சில வண்டிகள் வந்து சிறிது காலம் இருந்துவிட்டு விடைபெற்றுக் கொண்டன. 2021-ல் வந்த ஐ20 என் லைன், சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செய்யப்பட்டது.

ஆனால் நம் வண்டியிடம் நமக்குத் தனிப் பாசம் ஏற்பட்டதற்குக் காரணம் அதன் பிறந்தகம். 'ஜே.டி.பி.' என்ற மூன்று எழுத்துக்களில் முதல் எழுத்து, கோயம்புத்தூரில் இருக்கும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கம்பெனியைக் குறிக்கிறது. அவர்களும் டாட்டா கம்பெனியாரும் கூட்டாகச் சேர்ந்து, 2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இந்த வண்டியை வெளியிட்டார்கள். பஞ்சாலைக்கும் பம்பு மோட்டாருக்கும் பெயர்போன கோயம்புத்தூரில் பந்தய மோட்டார் வித்தையும் வளர்ந்திருக்கிறது. சாதாரண மாருதி 800 வண்டியின் யந்திரத்தை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் பொருத்தி, பல இளைஞர்களைப் பந்தயக்காரர்களாக்கிய கரிவரதன் அந்த ஊர்க்காரர். 1995-ல் அவர் விமான விபத்தில் காலமானார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதை 2003-ல் திறக்கப்பட்டது. 2005-ம் வருஷத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் அவ்வூர்ப் பிள்ளைதான். அந்தப் பரம்பரையின் கைவண்ணம் ஆறேழு லக்ஷ ரூபாய்க்குள் ஒரு குடும்ப வண்டியாகக் கிடைத்தபோது, நம்மைப் போன்ற பைத்தியக்காரர்கள் சும்மா இருக்க முடியுமா? 2020-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மாறியதை ஒட்டி இந்த வண்டி நின்றுபோயிற்று. ஆகையால் இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பு சொந்தக்காரர்களின் தலையில் விழுந்திருக்கிறது.

டர்போ என்பது என்ன? நேயர்களில் பலர் கொல்லன் உலைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். கரி அதே கரிதான். துருத்தியை அழுத்தினால் நெருப்பு சீறுகிறது. மோட்டார் யந்திரமும் ஓர் உலைதான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே சின்ன யந்திரத்திலிருந்து அதிகச் சக்தி வேண்டுமானால், அதற்குள் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும். துருத்தியை அழுத்துவதற்கு ஆள் யார்? இங்கேதான் விந்தை. யந்திரத்தில் எரிந்து முடிந்து, வீணாக வெளியே போகும் சூடான புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, யந்திரத்துக்குள் அனுப்புகிறது. 1905-ம் வருஷத்திலேயே ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்ஃபிரட் பூஹி என்ற நிபுணர் இந்த யோசனைக்குப் பேடெண்ட் பெற்றுவிட்டார். கழிவிலிருந்து பலனை எடுப்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதல்ல; சாதம் வடித்த கஞ்சியில் புடவைக்கு மொடமொடப்பு ஏற்றியவர்கள் அல்லவா?

இந்தச் சக்கரம் சுழலும் வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நிமிஷத்துக்கு ஒரு லக்ஷம் சுற்றைத் தாண்டும். சில வண்டிகளில் இரண்டு லக்ஷத்தையும் எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்த புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவே அந்த அச்சைத் தாங்கி நிற்பது எண்ணெயின் ஒரு மெல்லிய ஏடு. காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பது ஸைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடும். ஆகையால் அதைக் குளிரச் செய்து உள்ளே அனுப்ப 'இன்டர்கூலர்' என்ற ஒரு தட்டி வைத்திருக்கிறார்கள். ஆக, சுத்தமான காற்று, சுத்தமான எண்ணெய், சூட்டைத் தணிக்க வழி: இந்த மூன்றும் இருந்தால் டர்போ நெடுநாள் உழைக்கும். ஒன்று குறைந்தாலும் அதற்கு ஆயுசு குறைவு.

இனி நம் ஊர் சங்கதிக்கு வருகிறோம். அரியலூர்ப் பக்கம் பல கோடி வருஷங்களுக்கு முன்னே கடலாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும் இன்று கல்லாகிக் கிடக்கின்றன. பூமிசாஸ்திர நிபுணர்கள் ஒரு பாறை வரிசைக்கே அரியலூரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாரணவாசியில் உள்ள காட்சிசாலையில் அவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். அந்தக் கடல் விட்டுப்போன சொத்துத்தான் சுண்ணாம்புக் கல். அதை நம்பி இந்த ஜில்லாவில் பல சிமெண்ட் ஆலைகள் நடக்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாகச் செல்கின்றன. லாரி சென்ற பிறகு சாலை ஓரத்து வேப்பமரங்களைப் பார்த்தால், இலை எல்லாம் விபூதி பூசிக்கொண்டு நிற்கும்.

இந்தக் காற்றைத்தான் நம் வண்டி சுவாசிக்கிறது. கணக்குப் பாருங்கள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுக்கிறோம். 1.2 லிட்டர் யந்திரம் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றினால், துருத்தி இல்லாமலே சுமார் 3,000 லிட்டர் காற்று இழுக்கும். துருத்தியும் சேர்ந்தால் அதற்கு மேலே. இவ்வளவு காற்றுக்கும் வாசலில் நிற்கும் காவற்காரன் ஒருவனே: மடித்து மடித்து வைத்த ஒரு காகித வடிகட்டி. விலை சில நூறு ரூபாய்.

அந்தக் காவற்காரனை வேலையிலிருந்து நீக்கியவர்கள் நாமே. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

நம் சகோதரியின் பிள்ளை திருச்சியில் இஞ்ஜினீரிங் படிக்கிறான். நல்ல பையன். கையில் ஸ்பானரைக் கொடுத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவான். ஒரு நாள் நம் வண்டியின் முன்மூடியைத் திறந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா! இந்தக் கறுப்புப் பெட்டி யந்திரத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் ஒன்று போட்டால், வண்டி புலி மாதிரிப் பாயும்" என்றான்.

நமக்கும் அந்தச் சபலம் இல்லாமல் இல்லை. கூம்பு வடிவத்தில் சிவப்பாக ஒரு வடிகட்டி வந்து சேர்ந்தது. அதைப் போட்டவுடன் வண்டியின் குரலே மாறிற்று. காலை அழுத்தினால் காற்றை இழுக்கும் சீறல். காலை எடுத்தால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. தெருக் குழந்தைகள் ஓடிவந்து பார்த்தார்கள். நமக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து மருமகன் இன்னொரு சின்னப் பெட்டியும் கொண்டு வந்தான். அது செய்கிற காரியம் ஒரு கபடம். துருத்தியின் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். அதை நம்பிக் கம்ப்யூட்டர் அழுத்தத்தை உயர்த்தும். சக்தியும் உயரும். "இதற்குத் தண்டனை ஒன்றும் இல்லையா?" என்று கேட்டோம். "இந்த யந்திரம் தாங்கும் மாமா" என்றான். நாமும் நம்பினோம். கம்ப்யூட்டரைவிட நாம் எளிதில் ஏமாறுகிறவர்கள்.

இப்படி எட்டு மாதம் சென்றது. சென்ற வருஷம் ஆடி மாதத்தில், நம் மாமியாருக்குக் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் புறப்பட்டோம். வண்டியில் மாமியார், நம் மனைவி, மருமகன். கீழப்பழுவூர் தாண்டித் திருமானூர் நோக்கிச் செல்கிறோம். முன்னால் கல் லாரி ஒன்று. எதிரே வெகு தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. நம் வண்டியின் சக்திக்கு அந்த இடைவெளி தாராளம். எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். வெளியே எடுத்துக் காலை அழுத்தினோம். வண்டி பாய்ந்தது. லாரியின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டோம். அப்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். வழக்கமான பெருமூச்சு அல்ல. பலூன் வெடித்த மாதிரி. அவ்வளவுதான். கால் அடிவரை அழுத்தியிருக்கிறது, வண்டி இழுக்கவில்லை. இடது புறம் லாரி. எதிரே பஸ், விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. பின்வாங்கலாம் என்றால், லாரிக்குப் பின்னால் வந்த வண்டிகள் நெருங்கி இடத்தை அடைத்துவிட்டன.

லாரி டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று பிரேக்கை அழுத்தி, இடது சக்கரங்களை மண்ணில் இறக்கிவிட்டார். அந்த இடைவெளியில் நுழைந்தோம். பஸ் நம் கண்ணாடியைத் தொடாமல் போயிற்று. கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். லாரியும் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்; நாற்பது வயது இருக்கலாம்; புருவமெல்லாம் சுண்ணாம்பு. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டோம். அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, "பெரியம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பிறகு நம்மிடம், "நிதானமாப் போங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயரைக் கேட்கவும் நமக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நம் மேஸ்திரியிடம் விட்டோம். அரியலூரில் முப்பது வருஷமாக வண்டி பார்க்கிறவர்; பேச்சு குறைவு. முதலில் கழன்ற குழாயைக் காட்டினார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய், அதிக அழுத்தம் தாங்காமல் பட்டியிலிருந்து நழுவியிருக்கிறது. "இது அந்தச் சின்னப் பெட்டி செய்த வேலை" என்றார். பிறகு ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் வெள்ளையாக வந்தது.

"ஐயா, இது யந்திரமா, வெள்ளையடிக்கிற பானையா?" என்றார்.

டர்போவின் காற்றுச் சக்கரத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். அலுமினியத்தால் ஆன அந்தச் சின்ன இறகுகளின் ஓரம் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. சுண்ணாம்புத் தூளும் சாலை மணலும் எட்டு மாதமாக அராவி எடுத்திருக்கின்றன. திறந்த ஃபில்டர் சாலைத் தூசியை நன்றாகத் தடுக்கவில்லை. அது பொருந்தும் வாயில் ஒரு பட்டியும் தளர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, பெட்டியை எடுத்துவிட்டதால் அது வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்காமல், யந்திரத்தைச் சுற்றிலும் உள்ள சூட்டுக் காற்றையே இழுத்திருக்கிறது. "தம்பி, சத்தம் ஏறிச்சு. சக்தி ஏறிச்சான்னு அளந்து பார்த்தீங்களா?" என்று மேஸ்திரி கேட்டார். மருமகன் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. குற்றத்தில் பெரும்பாகம் நம்முடையது. பையனுக்கு வயது இருபது. நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

வண்டியை மாற்றி அமைப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் செய்த காரியமும் பாவமாகிவிடும். அவர்களும் சாதாரண டியாகோவை மாற்றித்தானே இதைச் செய்தார்கள்? ஆனால் அவர்கள் யந்திரத்தை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. அதற்கேற்ற ஸ்பிரிங்கு, சக்கரம், டயர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். ஓடவிட்டு, அளந்து, திருத்தினார்கள். நாமோ மூக்கை மட்டும் மாற்றினோம். ஒரு பாகத்தின் பலத்தைக் கூட்டினால், அதற்கு அடுத்த பாகத்தின் பலவீனம் வெளியே வரும். குழாயைப் பலப்படுத்தினால் கிளச்சு வழுக்கும். கிளச்சைப் பலப்படுத்தினால் கியர்ப் பெட்டிக்குச் சோதனை வரும். சித்திரை வெயிலில், அழுத்தம் கூடிய யந்திரத்துக்குள் பெட்ரோல் முறைதவறி வெடித்துப் பிஸ்டனையே தட்டும். கம்பெனியார் விட்டு வைக்கும் பத்திர எல்லையைச் சிலர் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். அந்த எல்லை வெயிலுக்கும், மட்டமான பெட்ரோலுக்கும், நம்மைப் போன்ற டிரைவர்களுக்கும் ஒதுக்கி வைத்த சேமிப்பு.

சட்டமும் இதில் இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி அமைத்த அடிப்படை அமைப்புக்கு விரோதமான மாறுதலைப் பதிவு செய்ய முடியாது என்று 2019-ம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், பணம் கேட்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அன்று திருமானூர்ச் சாலையில் ஏதாவது நேர்ந்திருந்தால் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்தால் இன்னும் உடம்பு சில்லிடுகிறது.

வண்டியைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. இந்த யந்திரத்தின் குடும்பம் பிரபலமான நெக்ஸான் வண்டியிலும் ஓடுவதால் பல பாகங்கள் கிடைத்துவிடுகின்றன. இந்த வண்டிக்கென்றே செய்த பாகங்களைத்தான் தேடித் திரிய வேண்டியிருக்கிறது. செலவைப் பற்றி எழுதவில்லை. இந்தப் பத்திரிகையை நம் வீட்டிலும் வாசிக்கிறார்கள்.

அதன் பிறகு வண்டியில் நாம் செய்த மாறுதல்கள் என்ன தெரியுமா? பழைய கறுப்புப் பெட்டி திரும்ப வந்தது. அதற்குள் காகித வடிகட்டி. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிறோம். அழுக்கானால் தட்டி, ஊதிப் போடாமல் புதிதாக மாற்றுகிறோம். ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம். பெட்டியின் மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, குழாய்ப் பட்டிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கிறோம். குழாயின் மேல் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், அது வரப்போகும் செலவின் அறிவிப்பு. இன்டர்கூலரின் தகடுகளுக்கு நடுவே படியும் தூசியை, வேகம் குறைந்த தண்ணீரால் கழுவுகிறோம். ஈரத்தில் சிமெண்ட் தூசி இறுகிவிட்டால் பிறகு உளிதான் வேண்டும்.

முழு ஸிந்தெடிக் எண்ணெய் போட்டு, கம்பெனி சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றுகிறோம். காலையில் கிளப்பியவுடன் விரட்டுவதில்லை. எண்ணெய் சூடேறி ஓடத் தொடங்கும் வரையில் மெதுவாகவே போகிறோம். நெடுந்தூரம் விரைவாக ஓடிவந்தால், கடைசி ஒன்றிரண்டு மைலை நிதானமாக ஓட்டி, வாசலில் ஒரு நிமிஷம் யந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துகிறோம். கொதிக்கும் டர்போவுக்கு எண்ணெய் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால், உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். அடுப்பில் மறந்துவிட்ட வாணலியைத் தேய்த்தவர்களுக்கு அந்தக் கரியின் பிடிவாதம் தெரியும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எதனால் கலந்திருக்கிறது. எதனால் தன்னளவில் தட்டலைக் குறைக்கும் குணமுள்ளதுதான். ஆனால் அதற்கென்று அமைக்காத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. அது தண்ணீரை இழுக்கும் குணமும் உடையது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் செலவழித்தது நான்கு டயர்களுக்கும் பிரேக்குக்கும்தான். புது பிரேக் கட்டைகள், புது பிரேக் எண்ணெய். மேஸ்திரி சொன்னார்: "ஐயா, ஓடறதுக்கு ஆயிரம் பேர் செலவு பண்றாங்க. நிக்கறதுக்குச் செலவு பண்றவங்க கொஞ்சம்." இவ்வளவு நாள் மோட்டார்ப் பைத்தியம் பிடித்துத் திரிந்தும் நமக்கு இது தோன்றாமல் போனது வெட்கம்தான்.

இப்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். சீறல் இல்லை, தெருக் குழந்தைகள் ஓடி வருவதில்லை. மூன்றாவது கியரில் காலை அழுத்தினால், சத்தம் போடாமல் இழுத்துக்கொண்டு போகிறது. 114 குதிரைகளும் லாயத்தில் சௌக்கியமாக இருக்கின்றன. கல் லாரியைக் கண்டால் பின்னாலேயே போகிறோம். சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்போதுதான் வெளியே எடுக்கிறோம். தாண்டும்போது டிரைவரின் முகத்தைப் பார்க்கிறோம். சுண்ணாம்புப் புருவங்கள் நிறைய இருக்கின்றன. அந்த முகம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தானே பெட்டியைத் திறந்து, வெளுத்துப்போன வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். தேதியையும் கிலோமீட்டரையும் பெட்டியின் மேல் எழுதினான். பட்டிகளை இரண்டு தரம் இறுக்கிப் பார்த்தான். நமக்குச் சந்தோஷமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "மாமா! டயர் ஆயிற்று, பிரேக் ஆயிற்று, குழாய் எல்லாம் புதிது. இனிமேல் கம்ப்யூட்டரை மட்டும் கொஞ்சம் திருத்தினால் என்ன?" என்று கேட்டான்.

"செய்யலாம் அப்பா. அந்த லாரி டிரைவரைக் கண்டுபிடித்து, அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு வா" என்றோம்.

அவன் கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்தான். பிறகு முன்மூடியை மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் சாத்தினான்.